வாசிப்பவர் வேறு, காசு தருபவர் வேறு

அன்புள்ள மருமகளுக்கு,

வட்ஸ்அப்பில் நீ அனுப்பிய கேள்வியைப் பார்த்தேன். "மாமா, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாம் என்று இருக்கிறேன். எழுத்தை வைத்துக் கொழும்பில் சீவிக்க முடியுமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை." கடைசி வரிக்காகத்தான் முதல் இரண்டு வரியும் எழுதப்பட்டது என்று விளங்காத அளவுக்கு நான் மூடன் இல்லை. அம்மாவோடு நான் கதைக்க வேண்டும், அதுதானே உன் திட்டம்? கதைக்கிறேன். அதற்கு முதல் நீயும் நானும் கதைக்க வேண்டும். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். சீவிக்கலாம். ஆனால் நீ நினைத்துக்கொண்டிருக்கிற எழுத்தை வைத்து இல்லை. எழுதுவது என்று நீ சொல்லும்போது உன் மனதில் இருப்பது சிறுகதை, நாவல், ஞாயிறு பேப்பரில் படத்தோடு ஒரு பத்தி. கொழும்பில் தமிழுக்குக் காசு இருக்கிறது. அது அந்தப் பக்கம் இல்லை. இந்த ஊரில் உன்னை வாசிக்கிறவர் காசு தரமாட்டார். காசு தருகிறவர் உன்னை வாசிக்கமாட்டார். இது மட்டும் விளங்கினால் மீதிக் கடிதத்தை நீ மடித்து வைக்கலாம். விளங்கினாலும் ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும், ஆகவே எழுதுகிறேன்.

உனக்கு முன்னாலும் இதே ஆசையோடு ஆட்கள் இருந்தார்கள். இளங்கீரன் இருந்தார். முழுநேர எழுத்தாளராகவே வாழ்வது என்று இந்த நாட்டில் நின்று பார்த்த மிகச் சிலரில் ஒருவர். அவருடைய 'நீதியே நீ கேள்' தினகரனில் தொடராக வந்தது. 'மரகதம்' என்று சொந்தமாக ஒரு சஞ்சிகையும் நடத்தினார். அது அதிக நாள் ஓடவில்லை. பெயர் வந்தது, மதிப்பு வந்தது, வருமானம் மட்டும் நின்று நிலைக்கவில்லை.

டொமினிக் ஜீவாவை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கியவர். பிறகு கொழும்புக்கு வந்து, நீ தினமும் கடந்துபோகிற ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்துதான் அதை நடத்தினார். நானூறு இதழ்கள் வரை வந்தன. எப்படி என்று நினைக்கிறாய்? சலூனில் உழைத்த மனிதர், இதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, ஆளைப் பிடித்து நிறுத்தி விற்றார். எழுதினால் மட்டும் போதும், காசு தானாக வரும் என்று அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

நம்முடைய மற்ற எழுத்தாளர்களையும் பார். மஹாகவி அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தார். எஸ்.பொ. வாத்தியார். செங்கை ஆழியான் நிர்வாக சேவை அதிகாரி. தெளிவத்தை ஜோசப் கொழும்பில் கணக்கு எழுதிக்கொண்டு கதை எழுதினார். "இங்கே வாசகர் குறைவு, தமிழ்நாட்டில் அப்படி இல்லையே" என்பாய். லட்சக்கணக்கில் விற்ற வாரப் பத்திரிகைகளில் எழுதிய சுஜாதா, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தார். 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டு எழுத்தையே நம்பி இறங்கினார் அசோகமித்திரன். அவர் பட்ட பாட்டை அவருடைய கட்டுரைகளிலேயே வாசிக்கலாம். வாசித்துவிட்டு வா.

ஒரு காலத்தில் இங்கே சந்தை இருந்தது என்பதும் உண்மை. 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, நம்முடைய ஆட்களின் நாவல்களை வீரகேசரிப் பிரசுரம் மலிவு விலையில் வரிசையாகப் போட்டது. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எல்லாம் அப்படி வந்தவை. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, இந்தியப் புத்தகங்கள் மறுபடி வந்து குவிந்தன, அந்தச் சந்தை சுருங்கிப்போனது. கதவைப் பூட்டி உண்டாக்கிய சந்தை கதவு திறந்ததும் போய்விட்டது. அதை நினைத்துப் பெருமூச்சு விடலாம். வாடகை கட்ட முடியாது.

"புத்தகம் போட்டால் விற்காதா மாமா?" என்று கேட்பாய். போடு. கட்டாயம் போடு. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் ஐ.எஸ்.பி.என். எண் எடு, அவர்களிடம் நூல் வெளியீட்டுக்கு உதவித் திட்டம் இருக்கிறது, விண்ணப்பம் கோருகிற நேரம் பார்த்துப் போடு. முந்நூறு பிரதி அச்சடித்து, 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் வெளியீட்டு விழா வை. மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, ஆறு பேச்சாளர், அதில் நாலு பேர் புத்தகத்தைத் திறந்தும் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு புரவலர் முதற்பிரதி வாங்குவார். பிறகு சபையோர் வரிசையாக மேடைக்கு வந்து என்வலப்பை உன் கையில் வைத்துப் புத்தகத்தை வாங்கிப்போவார்கள். அன்று இரவு என்வலப்புகளைப் பிரித்து எண்ணினால் அச்சகக் கடன் அநேகமாகத் தீரும். ஆனால் மருமகளே, அது கலியாண வீட்டு என்வலப். உன் முகத்துக்காகவும் அம்மாவின் முகத்துக்காகவும் வந்த காசு. வருடத்துக்கு மூன்று தரம் கலியாணம் வைக்க முடியாது. மீதிப் பிரதிகளைப் பூபாலசிங்கம், குமரன் புத்தகக் கடைகளில் வை. விற்றுக் கழிவு போக வருகிற காசை வரும்போது வாங்கிக்கொள். அதை வருமானம் என்று கொப்பியில் எழுதாதே.

அப்படியென்றால் காசு எங்கே? நீ ஏறெடுத்தும் பார்க்காத இடங்களில்.

1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்ட நாடு, 1987இல் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியது. எழுதியபடி நடக்கிறதா என்று கேளாதே. ஆனால் அந்த எழுத்தினால் ஒரு தொழில் உண்டானது. வங்கி, காப்புறுதி, தொலைபேசிக் கொம்பனி, தொண்டு நிறுவனம், அமைச்சு, எவருக்கும் மூன்று மொழியிலும் கடதாசி வேண்டும். விண்ணப்பப் படிவம், ஆண்டறிக்கை, பயிற்சிக் கைநூல், டெங்குத் துண்டுப்பிரசுரம், கடன் ஒப்பந்தம், வானொலி விளம்பரம், காணொளிக்குக் கீழே ஓடுகிற வரி. சிங்களமும் ஆங்கிலமும் விளங்கி, வாசிக்கக்கூடிய தமிழில் எழுதத் தெரிந்த ஆள் கிடைப்பது அவர்களுக்குப் பெரும் பாடு. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த உனக்கு மூன்றும் வாயில் இருக்கிறது. அதைப் பெரிய சொத்து என்று நீ நினைப்பதே இல்லை. பரீட்சை எழுதிச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்துகொண்டால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, காணி உறுதி என்று இன்னொரு வரிசையும் திறக்கும். வெளிநாடு போகிற சனம் இருக்கும் மட்டும் அந்த வரிசை குறையாது.

இன்னொன்று இருக்கிறது. சிரிக்காதே. கல்வெட்டு. யாராவது மோசம் போனால் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவு மலரைத்தான் சொல்கிறேன். தேவாரம் போடுவார்கள், வம்சாவளி போடுவார்கள், நடுவில் இறந்தவரின் வாழ்க்கையை யாராவது எழுத வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆயிரம் இருக்கும், எழுத வராது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற அச்சகங்களில் உன் பெயரைச் சொல்லி வை. போனில் இரண்டு மணித்தியாலம் அழுதுகொண்டு கதைப்பவரிடமிருந்து ஒரு மனிதரின் எண்பது வருடத்தை நாலு பக்கத்தில் எடுத்து எழுதிப் பார். சிறுகதைப் பட்டறையில் கிடைக்காத பாடம் அது. காசும் நேரத்துக்கு வரும். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர் எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள்.

இப்போது உன் முகம் சுருங்குவது எனக்கு இங்கே தெரிகிறது. "இதெல்லாம் எழுத்தா மாமா? படிவம் மொழிபெயர்க்கவா நான் இவ்வளவு வாசித்தேன்?"

கடன் ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பிணையாளியைப் பற்றிய பந்தி எட்டு வரி, ஒரே வசனம். அதை அப்படியே தமிழுக்குள் தள்ளினால் என்ன வரும்? "மேற்சொல்லப்பட்ட கடன்பெறுநரால் செலுத்தப்படத் தவறப்படும் பட்சத்தில்" என்று தொடங்கி, முற்றுப்புள்ளி வருவதற்குள் வாசிக்கிறவருக்குத் தலை சுற்றிவிடும். கொம்பனி மனேஜர் அதை வாசிக்கமாட்டார். தமிழ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்து வைப்பார். காசு தருகிறவர் வாசிக்கமாட்டார் என்று சொன்னேனே, அது இதுதான். ஆனால் கிளிநொச்சியிலோ ஹட்டனிலோ பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிணை நிற்கிற ஒரு மனுசி வாசிப்பாள். அல்லது வாசிக்க முயன்று, விளங்காமல், வெட்கப்பட்டு, கையெழுத்துப் போடுவாள். நுண்கடனில் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். அந்த எட்டு வரியை நீ எழுதினால் எப்படி எழுதுவாய்? "கடன் எடுத்தவர் கட்டாவிட்டால், மீதி முழுவதையும் நீங்கள் கட்ட வேண்டும்." பிறகு விதிவிலக்குகளை ஒவ்வொன்றாக, தனித்தனி வசனமாக. சட்டத்தரணி பார்த்து ஒரு பொருளும் விடுபடவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த மனுசி வாசித்துப் பேனையைக் கீழே வைத்து ஒருதரம் யோசிக்கவும் வேண்டும். இரண்டும் நடக்கிற மாதிரி எழுத உன்னால் முடியுமென்றால் அதை எழுத்து இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. உன் சிறுகதையை இருநூறு பேர் வாசிப்பார்கள். இதை எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று உனக்கு ஒருபோதும் தெரியவராது. உன் பெயரும் அதில் இருக்காது. பெயருக்குச் சிறுகதையை வைத்துக்கொள்.

அடுத்த கேள்வியும் தெரியும். "இயந்திரம்தான் இப்போது மொழிபெயர்க்கிறதே?" ஓம், செய்கிறது, வேகமாகவும் செய்கிறது. அதோடு போட்டி போடாதே, முதல் வரைவுக்கு வேண்டுமென்றால் பாவி. ஆனால் அதற்குத் தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகம் தெரிகிற அளவுக்கு நம்முடைய பிரதேச செயலகம் தெரியாது. கிராம உத்தியோகத்தரை என்ன செய்வது என்று விழிக்கும். பிழை போனால் யாரைக் கூப்பிட்டு ஏசுவது என்பது கொம்பனிக்கு வேண்டும். ஏச்சு வாங்க ஓர் ஆள், அதாவது பொறுப்பேற்க ஓர் ஆள். அந்த ஆளுக்குத்தான் காசு.

சரி, இனி ஏச்சு. உன்னுடைய பெரிய பிழை இன்னும் நடக்கவில்லை, ஆனால் நடக்கப்போகிறது. யாராவது "எவ்வளவு எடுப்பீங்கள்?" என்று கேட்டால் நீ "நீங்கள் பார்த்துத் தாங்கோ" என்பாய். நம்முடைய வளர்ப்பு அப்படி. அவர்கள் பார்ப்பார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை. 4,000 சொல் வேலை ஒன்றுக்கு 12,000 ரூபாய் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் ஒரு நாளைக்கு 2,000 சொல். இரண்டு நாள் போயிற்று. திருத்தம், பக்க அமைப்பில் உடைந்த எழுத்துகளைச் சரிபார்ப்பது என்று மூன்றாம் நாளும் போகும். நாளுக்கு 4,000. மாதம் 22 நாளும் இப்படி வேலை கிடைக்கும் என்று கனவு காணாதே. பாதி நாள் வேலை தேடவும் காசு தேடவும் போகும். 11 நாள் என்று வை: 44,000 ரூபாய். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வாடகை விசாரித்துப் பார். ஆகவே விலையைக் கீழேயிருந்து கட்ட வேண்டும்: மாதம் எனக்கு இவ்வளவு வேண்டும், காசு வருகிற நாள் இத்தனை, எனவே ஒரு நாளின் விலை இது, ஒரு சொல்லின் விலை இது. அதைக் கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வேலையைக் குறைத்து விலையைக் குறை. அதே வேலைக்கு விலையைக் குறைக்காதே.

எல்லாவற்றையும் எழுத்தில் வை. எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்கிற ஆட்கள் வாய்ப்பேச்சில் வேலை எடுப்பது போலப் பகிடி வேறில்லை. சொல் எத்தனை, விலை என்ன, எப்போது தருவாய், எத்தனை தரம் திருத்துவாய், காசு எத்தனை நாளில், உரிமை யாருக்கு. ஆறு வரி ஈமெயில் போதும். புது ஆள் என்றால் பாதி முற்பணம். வேலை முடிந்த அன்றே இன்வொய்ஸ், அதில் இலக்கமும் திகதியும். "அக்கவுண்ட்ஸில் கேட்டுச் சொல்கிறேன்" என்பவரிடம் அக்கவுண்ட்ஸில் இருப்பவரின் பெயரைக் கேட்டு வாங்கு. நீ மரியாதையாகக் கேட்டதற்காக வேலை தராமல் விட்டவர், கேட்காவிட்டால் காசு தராமல் விட்டிருப்பார்.

உன் சொந்தக் கதைகள் வேறு விசயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் பதிப்புரிமை நிற்கும். பேத்திவரை போகிற சொத்து. யாராவது நாடகத்துக்கோ படத்துக்கோ கேட்டால் சந்தோசத்தில் "எடுங்கோ" என்று சொல்லிவிடாதே.

காசு கேட்கச் சொல்கிறேன் என்பதற்காக எல்லோரிடமும் கேட்காதே. ஜீவாவைப் போல ஓர் ஆள் கைக்காசு போட்டு நடத்துகிற சிற்றிதழ் உன்னிடம் கதை கேட்டால் கொடு, முடிந்தால் சந்தாவும் கட்டு. ஆனால் மண்டபத்துக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, பேனருக்குக் காசு, மலரில் எழுதுகிறவருக்கு மட்டும் "தமிழ்ச் சேவை" என்று ஒருவர் வந்தால், பேனர் கடைக்காரரும் தமிழர்தானே என்று கேள். யாருக்கும் காசு இல்லாத இடத்தில் உனக்கும் வேண்டாம். மற்ற எல்லோருக்கும் காசு இருக்கிற இடத்தில் உனக்கும் வேண்டும்.

வெளிநாட்டு வேலையும் வரும். 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, டொலரில் இன்வொய்ஸ் போட்டவர்கள் தப்பினார்கள். அதே வருடம் கடதாசி இல்லாமல் 'தி ஐலண்ட்', 'திவயின' இரண்டும் சனிக்கிழமை அச்சை நிறுத்தின. ஒரே பேப்பரை, ஒரே கொம்பனியை நம்பாதே என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. பேபாலில் இங்கிருந்து காசு அனுப்பலாம், இங்கே வாங்க முடியாது என்பது நம்முடைய நெடுங்காலத் தலைவிதி. பயோனியர் போன்ற வழியோ நேரே வங்கிக் கணக்கோ, எது என்று வேலை தொடங்க முதலே பேசு. வரி இலக்கம் எடு. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் வரை வருமான வரி இல்லை. அதைத் தாண்டுகிற நாள் வந்தால் அழாதே, எனக்குப் போன் எடு, கொண்டாடுவோம்.

கடைசியாக, கோட்டையில் நீ பார்க்கிற அந்த வேலை. அலுப்பு என்கிறாய். இருக்கும். ஆனால் அந்தக் கொம்பனி மாதாமாதம் உன் சம்பளத்தில் 12 வீதத்தை ஈ.பி.எப்.இலும் 3 வீதத்தை ஈ.டி.எப்.இலும் தன் பங்காகப் போடுகிறது. வேலையை விட்ட அன்றே அது நிற்கும்; சம்பளத்தோடு கூட இன்னொரு 15 வீதத்தையும் நீயே உழைக்க வேண்டும். சுகயீன லீவும் கிடையாது. ஆகவே விடாதே, இப்போது விடாதே. மாலையிலும் சனி ஞாயிறிலும் வேலை எடு. ஆறு மாதச் செலவுக் காசு வங்கியில் இருக்க வேண்டும். மூன்று பேராவது உன்னை இரண்டாம் தரம் தேடி வந்திருக்க வேண்டும். முதல் தரம் எவரும் வருவார்கள். மலிவு என்று வருவார்கள். இரண்டாம் தரம் வருகிறவர்தான் வருமானம்.

கதை எழுத நேரம் எங்கே என்பாய். அந்தச் சாட்டை மஹாகவி சொல்லவில்லை. காலையில் எழும்பு. காசு தருகிற வேலையைத் தொட முதல் ஒரு மணித்தியாலம் உன்னுடையது. அந்த ஒரு மணித்தியாலத்தில் எழுதுவதற்கு எவரும் விலை சொல்லவில்லை, எவரும் திருத்தம் சொல்லவும் முடியாது. வாடகைக்குப் பயந்து எழுதுகிற கதையைவிட அது நன்றாக இருக்கும் என்பது என் துணிபு.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது: உன் விலையைக் கணக்குப் போட்டு ஒரு பக்கத்தில் கொட்டேஷன் ஒன்று தட்டச்சு செய். ஞாயிற்றுக்கிழமை 155 பஸ் பிடித்து இங்கே வா, மாமி தோசை சுடுவாள். நான் மனேஜர் மாதிரி இருந்து பேரம் பேசுவேன். நீ விலையை இறக்காமல் எழும்பினால் அம்மாவோடு நான் கதைக்கிறேன். இறக்கினால், இன்னும் ஒரு வருடம் கோட்டைக்குப் போ.

கொட்டேஷனில் ஒற்றுப்பிழை இருக்கக் கூடாது.

அன்புடன்,
வெள்ளவத்தை மாமா